விதிகள் பின்னோக்கியும் ஓடுமா, நாளை இன்றே முடிவாகிவிட்டதா?

கேள்வி இதுதான்: பிரபஞ்சத்தின் அடிப்படை இயற்பியல் விதிகளைக் காலத்தில் பின்னோக்கி ஓட்ட முடியுமா? இன்றைய நிலை முழுசாகத் தெரிந்தால் நாளைய நிலை ஒரே ஒன்றுதான் என்று ஆகிவிடுமா?

"ஆமாம், எல்லாம் கடிகாரம் மாதிரி" என்று ஒரு பக்கமும், "குவாண்டம் வந்ததோடு அதெல்லாம் போச்சு" என்று இன்னொரு பக்கமும் பதில்கள் வரும். இரண்டும் அவசரப் பதில்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நம் கையில் உள்ள அடிப்படைச் சமன்பாடுகள் இந்த இரண்டு சோதனைகளிலும் கிட்டத்தட்ட முழுசாகத் தேறிவிடுகின்றன. தோற்கிறது என்று உறுதியாகச் சந்தேகிக்க ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது: குவாண்டம் அளவீடு, அதாவது அணு அளவிலான ஒன்றை அளந்து பார்க்கும் கணம். அங்கே இரண்டும் தனித்தனியாகத் தோற்பதில்லை, சேர்ந்தே தோற்கின்றன. அதற்குக் காரணம் உண்டு.

அதற்கு முன்னால் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும். இந்தக் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இன்றைய நிலை ஒன்றுக்கு ஒரே ஒரு நாளைதான் சாத்தியம் என்றால் அது நிர்ணயத்தன்மை. இன்றைய நிலை ஒன்றுக்கு ஒரே ஒரு நேற்றுதான் இருந்திருக்க முடியும், எந்தத் தகவலும் தடயமில்லாமல் அழிவதில்லை என்றால் அது ஒருவகை மீள்தன்மை. நடந்ததைப் படம் பிடித்துத் தலைகீழாக ஓட்டினாலும் அந்த ஓட்டம் அதே விதிகளுக்கு அடங்கி நடக்கிறது என்றால் அது இன்னொரு வகை. அதைக் காலச் சமச்சீர் என்பார்கள். விவாதங்களில் பாதிச் சண்டை இந்த இரண்டு வகை மீள்தன்மையையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

இவை வேறு வேறு என்பதைக் காட்ட கணிதவியலாளர் ஜான் கான்வே 1970-ல் அறிமுகமான தன் "உயிர் விளையாட்டு" மூலம் நல்ல உதாரணம் தந்திருக்கிறார். கட்டம் கட்டமாக ஒரு பலகை. ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும், அல்லது செத்திருக்கும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதை வைத்து அடுத்த நிலை முடிவாகும். அடுத்த நிலை எப்போதும் ஒன்றே. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காலிப் பலகை ஒன்றைக் காட்டி, "இதற்கு முந்தைய நிலை என்ன?" என்று கேட்டால் பதில் கிடையாது. ஒற்றைக் கட்டம் இருந்து செத்திருக்கலாம். தள்ளித் தள்ளி நூறு கட்டங்கள் இருந்து செத்திருக்கலாம். முதலிலிருந்தே காலியாகவும் இருந்திருக்கலாம். நாளை உறுதி, நேற்று தொலைந்துபோச்சு.

மற்ற இரண்டையும் பிரிக்க இன்னும் எளிய விதி போதும். பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஒரு வட்டத்தில் முள் ஒவ்வொரு முறையும் ஓரிடம் வலப்பக்கம் நகர வேண்டும், விதி அவ்வளவுதான். முள் இப்போது இருக்கும் இடம் தெரிந்தால் முன்பு இருந்த இடமும் தெரியும், தகவல் எதுவும் அழியவில்லை. ஆனால் படத்தைத் தலைகீழாக ஓட்டினால் முள் இடப்பக்கம் நகரும், அது விதிமீறல். நேற்று ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் காலச் சமச்சீர் இல்லை. இந்த முள்ளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேயான் துகள்களிடம் போகும்போது தேவைப்படும்.

சரி, நியூட்டனுக்கு வருவோம். விசை தருவது முடுக்கத்தை. முடுக்கத்தில் காலம் இருமுறை வருகிறது; காலத்தின் குறியை மாற்றினால் இரண்டு கழித்தல் குறிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமன்பாடு அப்படியே நிற்கும். கோள்கள் சூரியனைச் சுற்றும் படத்தைப் பின்னோக்கி ஓட்டினால், விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு அது தலைகீழ்ப் படம் என்று யாராலும் சொல்ல முடியாது. உராய்வு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். உராய்வுக்கான சமன்பாடு காலத்தின் திசையைக் காட்டிக்கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அடிப்படை விதி கிடையாது. எண்ணிலடங்கா மூலக்கூறுகளின் கணக்கை எழுத முடியாமல் ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் குறுக்குவழி அது.

இந்த அடிப்படையில்தான் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1814-ல் தன் புகழ்பெற்ற கற்பனையை முன்வைத்தார்: ஒரு கணத்தில் எல்லாப் பொருள்களின் நிலையும் எல்லா விசைகளும் தெரிந்த ஓர் அறிவு இருந்தால், அதற்கு எதிர்காலமும் கடந்தகாலத்தைப் போலவே கண்முன்னே இருக்கும். கடந்தகாலத்தையும் அவர் சேர்த்தே சொன்னார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் நியூட்டனின் உலகம்கூட அவ்வளவு இறுக்கமானது இல்லை. ஜான் நார்ட்டன் என்ற அறிவியல் தத்துவ ஆய்வாளர் 2003-ல் ஒரு குவிமாடத்தை வரைந்து காட்டினார். வழவழப்பான மாடம், உராய்வே இல்லை. அதன் வளைவு மட்டும் தனி விதமானது: உச்சியிலிருந்து விலகிய தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி கீழ்நோக்கித் தள்ளும் விசை கூடும். கீழிருந்து ஒரு சிறு பந்தை மிகச் சரியான வேகத்தில் மேலே உருட்டுங்கள். சாதாரணக் கோள வடிவ மேடாக இருந்தால் அது உச்சியை நெருங்கிக்கொண்டே இருக்கும், அங்கே போய் நிற்க முடிவில்லாக் காலம் ஆகும். நார்ட்டனின் மாடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குள் உச்சிக்கு வந்து அசையாமல் நின்றுவிடும். இப்போது இந்தப் படத்தைத் தலைகீழாக ஓட்டுங்கள். உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்த பந்து, யாரும் தொடாமல், ஒரு காரணமும் இல்லாமல், திடீரென்று உருண்டு இறங்குகிறது! நியூட்டன் விதி தலைகீழ்ப் படத்தையும் ஏற்கும் என்று முன்பே ஒப்புக்கொண்டோம். ஆகவே இதுவும் விதிக்கு உட்பட்டதுதான். எந்த நேரத்தில் கிளம்பும், எந்தத் திசையில் போகும் என்று விதி சொல்லாது. அப்படியே உட்கார்ந்திருந்தாலும் விதிக்குச் சம்மதமே.

இதில் என்னைக் கவர்வது, மீள்தன்மையே நிர்ணயத்தன்மையின் காலை வாரிவிடுகிறது என்பது. இரண்டும் எப்போதும் கைகோத்து நடக்கும் என்று நினைப்பவர்கள் இந்த மாடத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

இது அணுக்களால் ஆன உலகில் கட்ட முடியாத மாடம் என்று தள்ளிவிடலாம். நியாயம்தான். ஆனால் ஈர்ப்புவிசையை மட்டும் வைத்தும் ஒரு கோளாறு உண்டு. ஐந்து புள்ளிப் பொருள்களைச் சரியாக அமைத்துவிட்டால், ஒன்றோடொன்று மோதாமலேயே, வரையறுத்த நேரத்துக்குள் அவை முடிவிலிக்கு ஓடிவிடும் என்று கணிதவியலாளர் ஷியா 1992-ல் நிறுவினார். தலைகீழாக ஓட்டினால், எங்குமே இல்லாத பொருள்கள் முடிவிலியிலிருந்து திடீரென்று நுழைகின்றன. இன்றைய நிலையில் அவற்றின் தடயமே இருக்காது. ஒளிவேகத்தை மிஞ்ச முடியாது என்று சார்பியல் வரம்பு கட்டியபோது இந்தக் கதவு மூடப்பட்டது. நிர்ணயத்தன்மைக்கு நியூட்டனைவிட ஐன்ஸ்டீன் நல்ல நண்பர்.

கயாஸ் (தொடக்கத்தில் உள்ள சிறு பிழை மளமளவென்று பெருகும் தன்மை) பற்றி ஒரு வார்த்தை. அது நிர்ணயத்தன்மையை உடைக்கவில்லை, முன்கூட்டிச் சொல்வதைத்தான் உடைக்கிறது. எவ்வளவு உடைக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு அடுத்ததோடு மோதுவதற்குள் சராசரியாக 70 நானோமீட்டர் போகிறது. மூலக்கூறின் அகலம் அதில் 200-ல் ஒரு பங்கு அளவுதான். அதனால் திசையில் உள்ள சிறு பிழை ஒவ்வொரு மோதலிலும் ஏறக்குறைய 200 மடங்காகிறது. தொடக்கத் திசையை ஐம்பது தசம இடம்வரை துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 22 மோதல்களில் அந்த ஐம்பது இடங்களும் காலி. ஒரு மூலக்கூறு நொடிக்கு சுமார் 700 கோடி முறை மோதுகிறது. ஆக, உங்கள் தெய்வீகத் துல்லியம் தாக்குப்பிடிப்பது மூன்று நானோநொடி. அந்த மூலக்கூறுக்கு என்னவோ ஒரே ஒரு எதிர்காலம்தான், நமக்குத்தான் அது தெரியாது. சூரியக் குடும்பமும் இதே ரகம், மெதுவாக. கோள்களின் பாதையில் உள்ள பிழை ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று மடங்காகிறது என்று ஜாக் லஸ்கார் 1989-ல் கணக்கிட்டார்.

அப்படியானால் உடைந்தது ஏன் தானாக ஒட்டுவதில்லை, கலந்தது ஏன் பிரிவதில்லை? இதே கேள்வியைத்தான் இயற்பியலாளர் லாஷ்மிட் 1876-ல் சக இயற்பியலாளர் போல்ட்ஸ்மனிடம் கேட்டார்: மூலக்கூறுகளின் விதிகள் இருபக்கமும் ஓடும் என்றால், எல்லா மூலக்கூறுகளின் வேகத்தையும் திருப்பிவிட்டால் என்ட்ரோபி, அதாவது கலைவின் அளவு, குறைய வேண்டுமே? குறையத்தான் செய்யும். கலைந்த நிலைகள் எண்ணிக்கையில் மிக மிக அதிகம், ஒழுங்கானவை மிகக் குறைவு. அதனால் சும்மா விட்டால் கலைந்த பக்கம் போவதற்கான வாய்ப்பே மலையளவு. ஆனால் இந்த வாதத்தைப் பின்னோக்கிச் செலுத்தினாலும் நேற்றும் கலைந்தே இருந்திருக்க வேண்டும் என்றுதான் வரும். அது உண்மை இல்லை. ஆகவே காலத்தின் அம்பு விதிகளில் இல்லை, தொடக்க நிலையில் இருக்கிறது: பிரபஞ்சம் ஆரம்பித்தபோது அதன் என்ட்ரோபி வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாக இருந்தது. அது ஏன் என்பது தனிப் புதிர்.

லாஷ்மிட் சொன்ன திருப்பத்தை ஆய்வகத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1950-ல் எர்வின் ஹான் புரோட்டான்களைக் காந்தப்புலத்தில் வைத்து, ரேடியோ துடிப்பு ஒன்றால் அவற்றின் தற்சுழற்சிகளை (ஒவ்வொன்றையும் சின்னக் காந்தம் மாதிரி ஆக்கும் உள்ளார்ந்த பண்பு) ஒரே தாளத்தில் சுற்றவிட்டார். புலம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுவதால் சில வேகமாகவும் சில மெதுவாகவும் சுற்றும்; சீக்கிரமே தாளம் கலைந்து சமிக்ஞை மறைந்துபோகும். பார்ப்பவருக்கு அது முழுக்கக் கலைந்த நிலைதான். சற்று நேரம் கழித்து இரண்டாவது துடிப்பு. முன்னால் ஓடியவை இப்போது பின்தங்கியவையாக மாறுகின்றன. முதல் துடிப்புக்கும் இரண்டாவதுக்கும் எவ்வளவு இடைவெளியோ, அதே அளவு நேரம் கழிந்ததும் எல்லாம் மறுபடி ஒன்றுசேர்ந்து, மறைந்த சமிக்ஞை எதிரொலியாகத் திரும்பி வருகிறது. கலைந்ததாகத் தெரிந்த நிலைக்குள் பழைய ஒழுங்கு பத்திரமாக இருந்தது. மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ கருவிகள் இந்த எதிரொலியை அன்றாடம் பயன்படுத்துகின்றன.

கணினியில் ஒரு பிட்டை அழித்தால்? அங்கேயும் தகவல் மாயமாவதில்லை. குறைந்தபட்ச அளவு வெப்பமாக வெளியே போயாக வேண்டும் என்று ரால்ஃப் லாண்டவர் 1961-ல் காட்டினார். அறை வெப்பநிலையில் அது சுமார் 3×10⁻²¹ ஜூல். 2012-ல் ஆய்வகத்தில் இதைச் சரிபார்த்தும் விட்டார்கள்.

இப்போது கேயான். அணுவைவிடச் சிறிய, சீக்கிரமே சிதைந்துவிடும் ஒரு துகள் அது. எல்லா அடிப்படை விசைகளும் காலச் சமச்சீர் உள்ளவை என்ற நம்பிக்கைக்கு 1964-ல் அடி விழுந்தது. அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் க்ரோனினும் ஃபிட்சும், நீண்ட ஆயுள் கொண்ட நடுநிலைக் கேயான்களில் ஏறக்குறைய 500-ல் ஒன்று, நடக்கவே கூடாத விதத்தில் இரண்டு பையான்களாக (இன்னும் லேசான துகள்கள்) சிதைவதைக் கண்டார்கள். துகளை எதிர்த்துகளாக (அதே நிறையும் நேர்மாறான மின்னேற்றம் முதலியவையும் கொண்ட இணை) மாற்றி, இட வலத்தையும் மாற்றினால் விதி அப்படியே இருக்கும் என்ற சமச்சீர் உடைந்தது. குவாண்டம் புலக் கோட்பாட்டின் ஒரு தேற்றப்படி, இந்த இரண்டோடு காலத்தையும் திருப்பினால் விதிகள் மாறக் கூடாது. முதல் இரண்டும் சேர்ந்து உடைந்தால் காலச் சமச்சீரும் உடைந்தே ஆக வேண்டும். ஐரோப்பாவின் துகள் ஆய்வகமான செர்னில் சிபிலியர் சோதனை 1998-ல் இதை நேரடியாகவே அளந்தது. கேயான் எதிர்க்கேயானாக மாறும் வேகமும், எதிர்க்கேயான் கேயானாக மாறும் வேகமும் ஒன்றாக இல்லை. இரண்டின் கூட்டுத்தொகையில் வித்தியாசம் ஆயிரத்துக்கு ஆறேழு பங்கு. 2012-ல் பி-மெசான் என்ற வேறு வகைத் துகள்களிலும் பாபார் ஆய்வுக் குழு இதைக் கண்டது.

இதைச் சொல்லி "விதிகளுக்கு மீள்தன்மை இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று எழுதுபவர்கள் உண்டு. வட்டத்து முள்தான் அவர்களுக்குப் பதில். கேயானின் சமன்பாட்டிலும் இன்றைய நிலையிலிருந்து நேற்றைய நிலையைத் துல்லியமாகக் கணக்கிடலாம். தகவல் ஒரு துளியும் தொலையவில்லை. தலைகீழ்ப் படம் மட்டும் கொஞ்சம் பிசகுகிறது. அதையும் துகள்களுக்கு எதிர்த்துகள்களைப் போட்டு, கண்ணாடிப் பிம்பமாக்கி ஓட்டினால் சரியாகிவிடும். அன்றாட உலகின் கால அம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குவாண்டத்துக்கு வந்துவிட்டோம். ஷ்ரோடிங்கர் சமன்பாடு (1926) அலைச்சார்பை, அதாவது குவாண்டம் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பை, நகர்த்தும் விதம் முழுக்க நிர்ணயமானது, முழுக்க மீளக்கூடியது. இரண்டு வேறு வேறு நிலைகள் ஒருபோதும் ஒன்றாகிவிடாது. நார்ட்டனின் மாடம் மாதிரி ஓட்டைகளுக்கும் இங்கே வழக்கமாக இடமில்லை. லாப்லாஸ் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் சேர்த்த வரிதான் வில்லங்கம்: அளந்தால் கிடைப்பது நிகழ்தகவு மட்டுமே. ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சி வலப்பக்கம் நோக்கி இருக்கிறது. அதை மேல்-கீழ் திசையில் அளக்கிறோம். மேல் என்று வர 50 சதவீதம், கீழ் என்று வர 50 சதவீதம். "மேல்" என்று வந்துவிட்டது. ஏன் மேல்? பாடப்புத்தகக் குவாண்டத்தில் காரணம் கிடையாது. நிர்ணயம் போயிற்று. இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். அளந்த பிறகு "மேல்" என்று நிற்கும் எலக்ட்ரானை மட்டும் காட்டி, முன்பு அது எப்படி இருந்தது என்று கேட்டால்? வலப்பக்கம் இருந்திருக்கலாம், இடப்பக்கம் இருந்திருக்கலாம், முன்னால், பின்னால், எந்தச் சாய்விலும் இருந்திருக்கலாம். நேர் கீழ்நோக்கி இருந்திருக்க முடியாது என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல முடியாது. நேற்றும் போயிற்று.

தனிப்பட்ட ஒரு நிகழ்வு, பல தொடக்கங்களிலிருந்து ஒரே முடிவுக்கும், ஒரே தொடக்கத்திலிருந்து பல முடிவுகளுக்கும் போகிறது. ஒரே முடிச்சில் இரண்டும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்த முடிச்சுக்குச் சொல்லப்படும் விளக்கங்களும் இரண்டையும் சேர்த்தே காப்பாற்றுகின்றன, அல்லது சேர்த்தே கைவிடுகின்றன. டேவிட் போம் 1952-ல் சொன்னபடி துகள்களுக்கு மறைந்த நிலைகள் உண்டு என்றால் நிர்ணயமும் மீள்தன்மையும் திரும்பிவிடும். ஹ்யூ எவரெட் 1957-ல் சொன்னபடி எல்லா முடிவுகளும் தனித்தனிக் கிளைகளில் நடக்கின்றன என்றாலும் அப்படியே. கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் 1986-ல் முன்வைத்தபடி அலைச்சார்பு அவ்வப்போது நிஜமாகவே தானாகச் சுருங்கி, பல சாத்தியங்களில் ஒன்றாகிவிடுகிறது என்றால் இரண்டுமே அடிப்படை அளவிலேயே இல்லை. (தொடக்க அளவீடு, இறுதி அளவீடு இரண்டையும் முன்கூட்டியே நிலைநிறுத்திவிட்டால் நடுவில் உள்ள நிகழ்தகவுகள் இருபக்கமும் ஒன்றே என்று அஹரொனொவ், பெர்க்மன், லெபோவிட்ஸ் 1964-ல் காட்டினார்கள். அளவீடு என்றாலே கால அம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.)

ஜான் பெல்லின் 1964-ஆம் ஆண்டுத் தேற்றம் நிர்ணயத்தன்மையைக் கொன்றுவிட்டதாக அடிக்கடி எழுதுகிறார்கள். அது கொன்றது வேறு ஒன்றை: தொலைவில் உள்ளது உடனே பாதிக்காது என்ற அருகாமைக் கொள்கையோடு சேர்ந்த மறைமாறிகளை (முடிவை முன்பே தீர்மானித்துவிடும், நம் கண்ணுக்குத் தெரியாத அளவுகளை). அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல் வாங்கித் தந்த சோதனைகளும் இதையே உறுதிசெய்தன. தொலைதூரத் தொடர்பை ஏற்றுக்கொண்டால் போமின் நிர்ணயவாதம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. எனக்கு அது அழகாகப் படவில்லை, ஆனால் அழகில்லாததெல்லாம் தவறு என்று சொல்லிவிட முடியாது.

கருந்துளைகளையும் சொல்லாமல் விட முடியாது. கருந்துளை வெப்பக் கதிர்வீச்சு விட்டு ஆவியாகும் என்று 1974-ல் காட்டிய ஹாக்கிங், உள்ளே விழுந்த தகவல் நிரந்தரமாக அழிந்துவிடும் என்று 1976-ல் வாதிட்டார். அது சரியென்றால் உயிர் விளையாட்டின் காலிப் பலகை இயற்கையிலேயே இருக்கிறது என்று பொருள். 1997-ல் இதைப் பற்றி ஜான் பிரெஸ்கிலோடு பந்தயமும் கட்டினார். 2004-ல் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதே அணியில் இருந்த கிப் தோர்ன் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. 2019-ல் வந்த கணக்கீடுகள், வெளியேறும் கதிர்வீச்சின் என்ட்ரோபி முதலில் ஏறி, டான் பேஜ் 1993-ல் எதிர்பார்த்தபடியே பிறகு இறங்குவதைக் காட்டின. இங்கே என்ட்ரோபி என்பது கதிர்வீச்சை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பதன் அளவு; அது இறங்குகிறது என்றால் தகவல் தப்பித்து வெளியே வருகிறது. எந்த வழியாக வருகிறது என்பதில் இன்னும் தெளிவில்லை. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நானும் பிரெஸ்கில் பக்கமே நிற்பேன்.

மிச்சம் இருப்பது அளவீட்டு முடிச்சு. இதைத் தத்துவ விவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அலைச்சார்பு நிஜமாகவே சுருங்கினால் அதற்கு அளக்கக்கூடிய விளைவுகள் உண்டு. பெரிய பொருள்களில் குவாண்டம் குறுக்கீட்டு விளைவு (அலைகள் மாதிரி ஒன்றோடொன்று கூடியும் அடித்துக்கொண்டும் போவது) ஒரு கட்டத்துக்கு மேல் மறைந்துவிட வேண்டும். 2019-ல் வியன்னாவில் ஏறக்குறைய 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை வைத்துப் பார்த்தார்கள், குறுக்கீடு மறையவில்லை. சுருங்கும்போது மின்னேற்றத் துகள்கள் குலுங்கி மிக மங்கலான எக்ஸ்-கதிரை உமிழ வேண்டும். இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் ஜெர்மானியம் உணரி ஒன்றை வைத்துத் தேடினார்கள். எதிர்பார்த்த கதிர் தென்படவில்லை. ஈர்ப்புவிசையால் சுருங்குகிறது என்ற கருத்தின் மிக எளிய வடிவம் அதோடு அடிபட்டுப்போனது. மற்ற சுருங்கல் கோட்பாடுகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் அந்த இடம் குறுகிக்கொண்டே வருகிறது.